குன்றுச் சரிவில் மனையும் நிழலும்

தோற்றுவாய்

உண்டியும் உடையும் போலவே உறையுளும் மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதது. இம்மூன்றனுள் உண்டியைப்பற்றி நாம் நாள்தோறும் பேசுகின்றோம்; உடையைப்பற்றி வேண்டுமளவிற்கு மேலாகவே பேசுகின்றோம்; உறையுளைப்பற்றியோ, கொத்தனாரும் கடன் கொடுப்பாரும் பேசுவதற்குமேல் ஒன்றும் பேசுவதில்லை. ஒருவன் தன் வாழ்நாளில் ஈட்டிய பொருள் முழுவதையும் ஒரு வீட்டிற் கொட்டிவிட்டுச் சித்திரை வைகாசித் திங்களில் அவ்வீட்டினுள் இருக்கமாட்டாது தெருவிற்கு வந்து நிற்பானாயின், அவன் கட்டியது வீடோ செங்கற் சூளையோ என்னும் ஐயம் எழுதல் இயல்பேயன்றோ? இவ்வையம் சமவெளியிலும் உண்டு. ஆயினும் வெயில் மிக்க குன்றுகளின் சரிவில் மனை எழுப்புவார்க்கு இது பெரிதும் பொருந்துவதாகும். அவர்தம் மனைக்கு முதற்கண் வேண்டுவது மற்றுமோர் அறையன்று. நிழலுடைய ஒரு திறந்த இடமே என்பதும், அவ்விடத்தைக் குன்றை வெட்டிப் பெறுதல் ஆகாது, தூண்களின்மேல் நிறுத்தியே பெறுதல் வேண்டும் என்பதும் ஈண்டு யாம் வற்புறுத்தப் புகுந்த இரு கருத்துகளாம்.

வெப்பக் குன்றுகளின் இயல்பு

மலை என்றவுடன் குளிர் என்று எண்ணுதல் நம்மவர் வழக்கம். உதகையும் கோடைக்கானலும் அவ்வெண்ணத்தை நம் உள்ளத்தில் ஊன்றிவிட்டன. ஆயின், குளிர்ச்சி மலை என்னும் பெயரால் வருவதன்று, உயரத்தால் வருவது. 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6½ பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. உதகை 2200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் இருத்தலின் அவ்விடங்களிற் போர்வை வேண்டியிருக்கின்றது. வேலூரைச் சூழ்ந்த பாறைக் குன்றுகளும் திருவண்ணாமலையின் அடிவாரமும் அத்தகையன அல்ல. அங்கே தெருவினின்றும் 100 மீட்டர் மேலே ஏறி வீடு கட்டுவான் பெறுங் குளிர்ச்சி ஒரு பாகைக்குங் குறைவே.

அச்சிறு நன்மைக்கு ஈடாக அவன் ஏற்கும் துன்பம் பெரிது. மரமில்லாப் பாறை பகலெல்லாம் வெயிலை உண்டு மாலையில் அதனை உமிழ்கின்றது. மேற்கு நோக்கிய சரிவிலோ, சாய்ந்த ஞாயிற்றின் கதிர்கள் சமநிலத்தில் விழுவதினும் நேராக வந்து பாய்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே காரைத் தளமிட்ட வீடொன்று இருக்குமாயின், அத்தளமும் பகல் வெப்பத்தை வாங்கி வைத்திருந்து, உறங்கும் வேளையில் கட்டிலின்மேல் இறக்குகின்றது. பகலிற் பாறையும் இரவிற் கூரையும் மாறி மாறி வாட்டும் மனையில் வாழ்வார் மின்விசிறியைக் குறைகூறிப் பயனென்ன? அது சூடான காற்றைச் சுழற்றுமேயன்றிக் குளிர்விக்கமாட்டாது.

எனினும் சரிவிற்கு இயற்கை அளித்த பேறொன்றும் உண்டு. பகலிற் சூடேறிய காற்றுச் சரிவின்மீது மேல்நோக்கி எழும். இரவிற் குளிர்ந்து கனத்த காற்றுச் சரிவின்வழியே கீழிறங்கும். சமவெளியிற் காற்றசையாத நாளிலும் குன்றின் பக்கத்தே இவ்வியக்கம் நிகழ்தல் உண்டு. மேட்டுப் பக்கமும் பள்ளத்துப் பக்கமும் திறப்புடைய வீடு இவ்விருவகைக் காற்றையும் விருந்தாகப் பெறும். நாற்புறமும் அடைத்த பெட்டி போன்ற வீடு வாயிலில் வந்த விருந்தை விரட்டும். ஆகவே, வெயிலை மறைத்துக் காற்றை மறையாத ஓர் இடமே வெப்பக் குன்றிற்கு ஏற்ற இடம் என்பது பெறப்படுகின்றது.

பரணும் தாழ்வாரமும்

மேனாட்டார் தம் மனையை அடுத்துப் பலகை பாவிய மேடையொன்றைத் தூண்களின்மேல் நிறுத்தி அதனை ‘டெக்’ என்பர். கப்பலின் மேற்றளத்திற்கு வழங்கிய பெயர் அது. நிலத்திற் கல் பாவி அமைத்த முற்றத்தைப் ‘பாட்டியோ’ என்பர். அஃது ஸ்பானிய மொழிச் சொல். இக்காலத்து வீட்டுமனை விளம்பரங்களில் இப்பெயர்களைக் கண்டு, இவை கடல்கடந்து வந்த புதுமைகள் என்று மயங்குவார் உளர். நம் குறிஞ்சி நிலத்தார் தினைப்புனத்திற் கிளி ஓட்டவும் விலங்கு காக்கவும் சரிவிலே கால் நட்டு அமைத்த பரண் வேறு யாது? பழந்தமிழ்ச் செய்யுட்கள் அதனை இதணம் என்று கூறும். குன்றின் மண்ணை வெட்டிப் புரட்டாது, நான்கு கால்களின்மேல் நின்று, காற்றும் காட்சியும் ஒருங்கே தந்த இடம் அது. முற்றமும் தாழ்வாரமும் திண்ணையும் பந்தலும் நம் வீடுகளில் இருந்த உறுப்புகளே. வீட்டார் பகலிற் பணி செய்ததும், முதியோர் இளைப்பாறியதும், வழிப்போக்கன் கேளாமலே அமர்ந்து எழுந்ததும் அவ்விடங்களில்தாம்.

நாம் பயிலும் கல்லூரிக் கட்டடங்களின் நீண்ட தாழ்வாரங்களையும் இங்கே நினைத்தல் தகும். குளிர்நாட்டிலிருந்து வந்தோர் இந்நாட்டு வெயிலுக்கு அஞ்சி, இந்நாட்டாரிடமே கற்றுக்கொண்டு அவற்றை அமைத்தனர். அவர் கற்றதை நாம் மறந்தோம். சதுர அடியைக் கணக்கிட்டு விற்கும் இக்காலத்தில், சுவரில்லாத இடம் வீணான இடமென்று கருதப்பட்டது. திண்ணை முதலிற் போயிற்று. தாழ்வாரம் பின்னர்ப் போயிற்று. முற்றம் வண்டி நிறுத்துமிடமாயிற்று.

இம்மரபு இன்றும் உயிருள்ளதே என்பதற்குச் சான்றுகள் பல. வேளிமலையின் அடிவாரத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டோர், தாழ்ந்து நீண்ட ஓட்டுக் கூரையும் மரச்சட்டப் பின்னலும் வெயிலைத் தடுத்துக் காற்றை விடுமாற்றை அறிவர். ஆங்கில நாட்டிற் பிறந்து இந்தியாவையே தம் நாடாக்கிக்கொண்ட லாரி பேக்கர் (1917–2007) திருவனந்தபுரத்திற் பாறை மிக்கதொரு செங்குத்துச் சரிவிலேயே தம் இல்லத்தை அமைத்துக்கொண்டார். சரிவில் கட்டப்படும் வீட்டின் நீளம் சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் ஓடுமாயின் வெட்டலும் நிரப்பலும் குறையும் என்பது அவர் கற்பித்த எளிய பாடம். இலங்கையில் வெப்பம் மிக்க தம்புள்ளைப் பகுதியில், கண்டலம ஏரியை நோக்கிய பாறைச் சரிவில் ஜெஃப்ரி பாவா (1919–2003) அமைத்த விடுதி 1994ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது பாறையை உடைத்துச் சமன் செய்து எழுந்ததன்று. பாறையின் வளைவை ஒட்டியே வளைந்து, தூண்களின்மேல் நின்று, மழைநீர் தன்கீழ் ஓடுமாறு வழிவிட்டு, கொடிகளால் மூடப்பெற்று நிற்கின்றது. பெருஞ்செல்வர் தங்கும் விடுதிக்குப் பொருந்திய அறிவு எளியவன் மனைக்குப் பொருந்தாதென்பது எவ்வாறு?

ஞாயிற்றின் செலவறிதல்

நிழல் வேண்டுவான் ஞாயிற்றின் செலவை அறிதல் வேண்டும். வேலூர் ஏறத்தாழ 13 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. ஆகவே ஞாயிறு அங்கே ஆண்டிற்கு இருமுறை, சித்திரையில் ஒருமுறையும் ஆவணித் தொடக்கத்தில் ஒருமுறையும், நண்பகலில் உச்சிக்கு நேராக நிற்கின்றது. இடைப்பட்ட திங்கள்களில் நண்பகல் ஞாயிறு சிறிது வடக்கே சாய்ந்திருக்கும். தெற்கே மிகச் சாய்வது மார்கழியில். அப்பொழுதும் நண்பகலில் அதன் உயரம் ஏறத்தாழ 54 பாகை. இதனைக் கணக்கிட்டுப் பார்ப்பின், 10 அடி உயரத்தில் இறவாரம் உடைய தாழ்வாரத்தினுள் தெற்கு வெயில் நண்பகலில் ஏறத்தாழ 7½ அடியளவே புகும். 8 அடி அகலமுள்ள தென்புறத் தாழ்வாரம் சுவரை அவ்வேளையில் ஆண்டு முழுவதும் நிழலில் வைக்கும் என்பது இதனாற் போதரும்.

மேற்குப் புறத்தின் கணக்கோ வேறு. கோடையிற் பிற்பகல் 4 மணிக்குமேல் ஞாயிறு 30 பாகையளவிற்குத் தாழ்ந்துவிடுகின்றது. அந்நேரத்தில் 10 அடி உயர இறவாரத்தின்கீழ் வெயில் 17 அடி தொலைவிற்கு உட்புகும். எனவே, மேற்கே கூரையை எவ்வளவு நீட்டினும் பயன் சிறிதே. அங்கே வேண்டுவது மேலிருந்து மறைப்பதன்று, எதிரே நின்று மறைப்பது. மூங்கிற்றட்டி, வெட்டிவேர்த் தட்டி, மரச்சட்டப் பின்னல், கொடி படர்ந்த பந்தற்கால், சிறிது தள்ளி நட்ட வேம்பு அல்லது புங்கு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ அப்பணியைச் செய்யும். சரிவு தெற்கு அல்லது வடக்கு நோக்கியதாயின் மேடையைப் பள்ளத்துப் பக்கம் அமைக்கலாம். மேற்கு நோக்கியதாயின், காட்சி அழகியதென்று மேடையை முழுவதும் மேற்கே நீட்டாது, வீட்டின் ஒரு பக்கமாகத் திருப்பி அமைத்தலே அறிவுடைமை. சூரியன் மறையுங் காட்சியைக் காண்பதற்குக் கால் நாழிகை போதும். அதற்காகப் பிற்பகல் முழுவதும் வெந்து கிடத்தல் வேண்டா.

சரிவை வெட்டற்க

இனி, இக்கட்டுரையின் தலையாய பகுதிக்கு வருவோம். சரிவில் மனை வாங்கியவன் முதலிற் செய்வது யாது? மண் வெட்டும் பொறியை அழைத்தல். அது சரிவின் மேற்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியிற் கொட்டுகின்றது. அரை நாளில், பல்லாயிரம் ஆண்டு நின்ற சரிவு தட்டையாகின்றது. பின்புறம் செங்குத்தாக நிற்கும் மண்சுவரும், முன்புறம் இறுகாத புதுமண்ணும் எஞ்சுகின்றன. அப்புதுமண்ணின்மேல் வழவழப்பான கல் பாவி, அதனை முற்றமென்று பெயரிட்டு நாற்காலி இடுகின்றான்.

இதன்கண் உள்ள கேடுகள் மூன்று. வெட்டப்பட்ட மேற்சரிவு தன் அடியில் இருந்த தாங்கலை இழந்து நிற்கின்றது. நிரப்பப்பட்ட கீழ்மண் மழை நீரை மிகுதியும் உண்டு கனத்து, பிடிப்புத் தளர்ந்து நழுவ முற்படுகின்றது. இவ்விரண்டையும் தடுக்க எழுப்பிய சுவரில் நீர் வடியத் துளையில்லையாயின், அச்சுவர் தாங்குசுவராக நில்லாது அணையாக மாறுகின்றது. அணைக்குரிய வலிமையின்றி அணையாகும் சுவரின் முடிவு யாதென்று கூறவேண்டுவதில்லை.

2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த பெருமழையில், திருவண்ணாமலையின் சரிவினின்றும் மண்ணும் பாறையும் பெயர்ந்து அடிவாரத்து வீடொன்றை மூடின. 5 சிறார் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அப்பெருந்துயரை எவர்மீதும் பழியாகச் சுமத்துதற்கு இதனை யாம் கூறவில்லை. மலையில் மேலே பெயர்வது கீழே உள்ளாரையே அடையும் என்பதனை நினைவுறுத்துதற்கே கூறினோம். நம் ஊர்களில் குன்றின் அடியிலும் ஓடையின் கரையிலும் வாழ்வோர் பெரும்பாலும் வேறிடம் வாங்க வழியற்ற எளியோர். காட்சிக்காக மேலே மனை வாங்குவோன் வசதியுடையோன். மேலுள்ளவன் தன் மாலைப் பொழுதின் இன்பத்திற்காக வெட்டிக் கொட்டிய மண், கீழுள்ளவன் குழந்தைகள் உறங்கும் கூரைக்கு நேரே நிற்கின்றது. ஆதலால் சரிவை வெட்டுதல் கட்டடக் கலையைப்பற்றிய கேள்வி மட்டும் அன்று. அயலானைப்பற்றிய கேள்வியும் ஆகும். தன் நிலத்தில் தான் எதுவுஞ் செய்யலாம் என்னும் வாதம் சமவெளியில் ஓரளவு செல்லும், சரிவிற் செல்லாது. ஏனெனில் சரிவில் ஒருவன் நிலத்து மண்ணும் நீரும் அவன் வேலியோடு நிற்பதில்லை.

கட்டும் முறை

சரிவை வெட்டாது நிழலிடம் அமைக்குமாறு எவ்வாறெனின், சுருங்கக் கூறுவோம். மேடையின் கால்கள் புதுமண்ணில் நில்லாது, தோண்டிக் கண்ட கெட்டி நிலத்திலோ பாறையிலோ நிற்றல் வேண்டும். நம் வட மாவட்டங்களிற் கருங்கற்றூண் எளிதிற் கிடைப்பது; அது கறையானுக்கும் மழைக்கும் அஞ்சாதது. மரக்கால் வைப்பின், மண்ணில் நேரே புதையாது கல்லின்மேல் நிறுத்துக. மேலே விட்டங்களுக்கு முற்றிய பனையின் வைரம் பாய்ந்த பகுதி நெடுநாள் உழைக்கும். பலகைகளுக்கிடையே கால் அங்குல இடைவெளி விடின் மழைநீர் தேங்காது; பலகை ஊறி உப்பினும் நெளியாது. பள்ளத்துப் பக்கத்திற் கைப்பிடி வேலி 3½ அடி உயரமும், அதன் கம்பிகளுக்கிடையே 4 அங்குலத்திற்குக் குறைந்த இடைவெளியும் உடையதாதல் வேண்டும். குழந்தையின் தலை நுழையும் வேலி வேலியன்று.

கூரைக்குக் கீற்றும் ஓடும் சிறந்தன. மங்களூரிற் பாசல் மிஷனார் 1865ஆம் ஆண்டளவிற் தொடங்கிய தொழிற்சாலையின் வழியே பெயர் பெற்ற மங்களூர் ஓடு, இடுக்குகளின் வழியே சூட்டை வெளிவிடுவது. சரிந்து நிற்பதால் நீரை விரைந்து வடிப்பது. தகரத்தைமட்டும் வேய்தல் தகாது. நண்பகலிற் காய்ந்த தகரம், கீழிருப்பார்க்கு மற்றொரு ஞாயிறாகும். வேறு வழியில்லையாயின் அதன்கீழ் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீற்றோ பாயோ கட்டுக. எக்கூரையாயினும் புயற்காற்றிற் பறவாதவாறு தூணோடு பிணித்தல் வேண்டும். முல்லை, அவரை, பீர்க்கு, கோவை முதலிய கொடிகளைப் படரவிட்ட பந்தல் செலவிற் குறைந்தது. நிழலோடு கறியும் மலரும் தருவது.

மேட்டுப் பக்கம் இயல்பாகவே நிலம் மட்டமாக இருக்குமிடத்திற் கல் பாவி முற்றம் அமைக்கலாம். அதன் தரை, வீட்டினின்றும் விலகி 10 அடிக்கு 2 அங்குலம் தாழ்தல் வேண்டும். வெயில் படுமிடத்திற் கருங்கடப்பைக் கல் கால் சுடும். சுட்ட செந்தரை ஓடு ஓரளவு தாழ்வில்லை. வீட்டிற்கு மேலே வாய்க்காலொன்று வெட்டி, மேலிருந்து வரும் நீரை இருமருங்கும் பிரித்து, இயல்பான ஓடையிற் சேர்த்தல் வேண்டும். அயலான் மனையிற் செலுத்துதல் முறையன்று. தாங்குசுவர் தவிர்க்க முடியாத இடத்தில், 5 அடிக்கு ஒன்றாக வடிதுளை விட்டு, சுவரின் பின்னே சல்லி நிரப்புக. பெருமரங்களைச் சுவரை ஒட்டி நடற்க. முன்பே நிற்கும் மரத்தை வெட்டற்க. அதன் வேர் மண்ணைப் பிடித்திருக்கின்றது, அதன் தலை நிழலைத் தாங்கியிருக்கின்றது.

தடையும் விடையும்

இவற்றிற்கெல்லாம் பொருள் எங்கே என்று சிலர் வினவுவர். தாழ்வாரத்திற்கு நாற்சுவர் வேண்டா, கதவு வேண்டா, சாளரம் வேண்டா, பூச்சு வேண்டா. ஓர் அறைக்கு ஆகுஞ் செலவினும் அதற்காகுஞ் செலவு குறைவு. வெட்டி நிரப்பிச் சுவரெழுப்புஞ் செலவைக் கழித்துப் பார்ப்பின் மிச்சமே தோன்றும். குளிர்விக்கும் பொறி இருக்கையில் தாழ்வாரம் எதற்கு என்பர் வேறு சிலர். அப்பொறியை நாம் பழிக்கவில்லை. நோயுற்றார்க்கு அது பெருந்துணை. ஆயின் அது வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளிருப்பதை வெளியே தள்ளுகின்றது. வெளியே இருப்பவன் அதனை ஏற்கின்றான். மின்சாரம் நின்ற நாளில் அதுவும் நிற்கின்றது. தாழ்வாரத்து நிழலுக்கு மின்சாரம் வேண்டா. அது நின்று போவதுமில்லை. மேலும், பொறி பெரும்பாலும் படுக்கையறையில் உள்ளது. நடுப்பகலில் அடுப்பின்முன் நிற்கும் தாய்க்கும், துணி துவைக்கும் பணிப்பெண்ணுக்கும், வாயிலிற் காக்கும் காவலனுக்கும் அஃது எட்டுவதில்லை. தாழ்வாரமோ எல்லார்க்கும் பொது.

குரங்கின் தொல்லையைக் கூறுவாரும் உளர். மலையடி ஊர்களில் அது மெய்யே. உண்பொருளை மேடையில் வையாதிருத்தலும், வேண்டுமிடத்திற் கம்பிவலை இடுதலும் அதற்கு மருந்து. குரங்கிற்கு அஞ்சி மனிதன் கூண்டிற்குள் புகுதலோ, நகைக்கத்தக்கது.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் நாளை பொறியியலாராவீர்; சிலர் நகராட்சியில் வரைபடங்களுக்கு இசைவளிக்கும் பணியில் அமர்வீர்; பலர் பெற்றோர்க்கு ஒரு வீடு கட்டித் தரும் நாளை எதிர்நோக்கியிருக்கின்றீர். அந்நாள் வருங்கால், வரைபடத்தில் அறைகளை எண்ணுமுன் நிழலை எண்ணுங்கள். சித்திரைத் திங்களிற் பிற்பகல் 4 மணிக்கு அம்மனையில் ஒருமுறை நின்று, வெயில் எங்கே விழுகின்றது, காற்று எப்புறம் வருகின்றது என்று பாருங்கள். ஐப்பசி மழையில் மறுமுறை சென்று, நீர் எவ்வழி ஓடுகின்றது, அவ்வழியின் கீழே யார் வீடு உள்ளது என்றும் பாருங்கள். இவ்விரு நாளும் கண்டதை எந்த வரைபடமும் உங்களுக்குக் காட்டாது.

குன்று நம்மினும் முந்தியது. நமக்குப் பின்னும் நிற்பது. அதன்மேல் ஏறி வாழ விரும்புவோன், பரண் அமைத்த பழங்குறவனைப்போல், கால் ஊன்றும் அளவிற்கே இடம் கேட்டல் வேண்டும். அங்ஙனம் கேட்டுப் பெற்ற சிறிய மேடையில், ஓட்டு நிழலின்கீழ் முதியோர் இளைப்பாறவும், குழந்தைகள் அச்சமின்றி விளையாடவும், மழைநாளிற் கீழ்வீட்டார் கவலையின்றி உறங்கவும் கூடுமாயின், அதுவே வீடு எனப்படும்.